ஆறு நிரைச் சோளம்: கலப்பின விதைகளை விவசாயியின் நிலத்திலேயே ஒப்பிடுவது எப்படி?

பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி, கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தென்னமரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. அங்கே போட்ட காப்பி சரியாக வராமல் போனதால், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917-இல் அதற்குப் பதிலாகச் செம்பனையை நட்டார். மலேசியாவில் வணிகத்திற்காக நடப்பட்ட முதல் செம்பனை அதுதான். தென்னையின் பெயரைத் தாங்கிய மண்ணிலிருந்து செம்பனையின் காலம் தொடங்கியது என்பது ஒருபுறம் இருக்க, அன்று நட்ட மரத்திற்கும் இன்று அதே வட்டாரத்தில் குலை தள்ளி நிற்கும் மரத்திற்கும் உள்ள வேறுபாட்டில்தான் இக்கட்டுரையின் பொருள் தொடங்குகிறது. அன்றைய மரங்கள் தடித்த ஓடு கொண்ட டூரா இனத்தவை. அவற்றின் வமிசம் 1848-இல் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகள் வரை பின்னோக்கிச் செல்லும். இன்றைய மரங்களோ, டூராவோடு ஓடே இல்லாத பிசிஃபெராவைக் கலந்து பெற்ற டெனெரா என்ற மெல்லோட்டுக் கலப்பினம்.

ஓட்டின் தடிமனை ஒரேயொரு மரபணு தீர்மானிக்கிறது என்பதை 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வெயன் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். ஓடு மெலிந்தால் சதை கூடும், சதை கூடினால் எண்ணெய் கூடும். டூராவைவிட டெனெராவில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் டெனெரா மரத்தடியில் விழுந்த பழத்தை எடுத்து நாற்று விட்டால், டெனெராவோடு டெனெரா சேர்ந்த வித்தில் கால் பங்கு டூராவாகவும், கால் பங்கு பெரும்பாலும் காய்க்காத பிசிஃபெராவாகவும் திரும்பிவிடும். பழம் பொறுக்கியே வாழ்நாளைக் கழித்த வெளிக்காட்டுத் தொழிலாளர்களுக்கு, விழுந்த விதை தாயைப் போல வராது என்பது எவரும் சொல்லித்தர வேண்டாத பாடம். எந்தக் கலப்பினத்தை நடுவது என்ற முடிவு மட்டும் அவர்களிடம் ஒருபோதும் வந்ததில்லை. நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகள் சோதித்துத் தேர்ந்தெடுத்தது, தோட்டம் நட்டது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதுவே நின்றது.

தோட்டத்தை விட்டு வெளியே வந்து, குத்தகை நிலத்திலோ சொந்தத் துண்டு நிலத்திலோ சோளம் போடும் ஒருவருக்கு நிலைமை முற்றிலும் வேறு. இனிப்புச் சோளம் எழுபது, எழுபத்தைந்து நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அவர் விதைக் கடையில் நின்று எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்று தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி வெளியிட்ட ‘மாஸ் மாடு’ போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இரகங்களில், நல்ல கதிரை ஒதுக்கி அடுத்த போகத்திற்கு விதை எடுக்க முடிந்தது. பெயரைக் கேட்டதும் கொம்பும் வாலும் நினைவுக்கு வந்தால் அது நம் காதின் குற்றம். மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தேன் என்று பொருள். இப்போது கடைகளில் முன்வரிசையில் இருப்பவை முதல் தலைமுறைக் கலப்பினங்கள். பல தலைமுறை தன்னோடு தானே சேரவைத்து ஒடுக்கிய இரண்டு கால்வழிகளைக் கடைசியில் ஒன்றோடொன்று கலக்கும்போது அபாரமான வீரியம் பிறக்கிறது என்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் 1908-இல் சோளத்தில் விளக்கிய அடிப்படைதான் இவற்றுக்கும். அந்த வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறிவிடுவதால், விதையை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். தவறான தேர்வின் விலை, பொட்டலத்தின் விலையோடு நிற்பதில்லை; உரம், உழவு, மூன்று மாத உழைப்பு எல்லாம் அதோடு சேர்ந்தவை.

இந்த முடிவை விவசாயி பொதுவாக எப்படி எடுக்கிறார்? கடைக்காரர் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர், “அண்ணே, போன தடவ இதப் போட்டேன், கதிர் நல்லா வந்துச்சு” என்கிறார். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் போன தடவை என்பது வேறு மழை, வேறு உரம், ஒருவேளை நிலத்தின் வேறு மூலை. ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பள்ளத்தில் முதல் விதையையும் மேட்டில் இரண்டாம் விதையையும் போட்டு, ஒரே அளவுள்ள இடத்திலிருந்து பள்ளத்தில் 26 கிலோவும் மேட்டில் 19 கிலோவும் அறுத்தார் என்றால், முதல் விதை 7 கிலோ முன்னே நிற்பதாகத் தோன்றும். இரண்டையும் பள்ளத்தில் அடுத்தடுத்துப் போட்டிருந்தால் 26-க்கு 25 என்றும், மேட்டில் அடுத்தடுத்துப் போட்டிருந்தால் 18-க்கு 19 என்றும் வந்திருக்கலாம். அப்படியானால் அந்த 7 கிலோ முழுவதும் மண்ணின் பேச்சு. விதை வாயே திறக்கவில்லை. இன்று சந்தையில் உள்ள நல்ல கலப்பினங்கள் இரண்டுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே நிலத்தின் இரண்டு மூலைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் சிறியது. களச்சோதனையின் நுணுக்கம் முழுவதும், மண்ணின் குரலை விதையின் குரலாகத் தவறாகக் கேட்காமல் இருப்பதில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிக்கலை முதலில் கூர்மையாகப் பார்த்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர், பியர் ஆலையின் ஊழியர். டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தில் 1899-இல் சேர்ந்த வில்லியம் காசெட், பார்லி இரகங்களை அயர்லாந்து விவசாயிகளின் நிலங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். நான்கைந்து நிலங்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற கேள்விக்கு அவர் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட விடை, இன்று புள்ளியியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கற்கும் சோதனையாக நிலைத்துவிட்டது. 1919-இல் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, எந்தப் பட்டையில் எந்த விதை என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். காசெட்டோ, ஒழுங்கான வரிசையில் மாற்றி மாற்றிப் போடுவதே நிலத்தின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் என்று கடைசி வரை வாதிட்டார். சிறு நிலங்களைப் பொறுத்தவரை நான் ஃபிஷர் பக்கம். சீட்டுக் குலுக்காவிட்டால், நமக்குப் பிடித்த விதை எப்படியோ நல்ல மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை, பழகிய கை போதும். ஆனால் ஒரே நிலத்தில் பத்துப் பாத்தி போடுவதைவிட வெவ்வேறு நிலங்களில் சோதிப்பது மேல் என்ற காசெட்டின் பிடிவாதம் இன்றும் செல்லுபடியாகிறது.

இனி இதை நம் வட்டாரத்தின் நிலத்தில் இறக்கிப் பார்ப்போம். மறுநடவு செய்த செம்பனைக்கு இடையே முதல் இரண்டு ஆண்டுகள் ஊடுபயிராகச் சோளம் போடுவது சிறு தோட்டக்காரர்களிடம் பழக்கத்தில் உள்ளது. செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நட்டால், நிரைக்கும் நிரைக்கும் இடையே சுமார் 7.8 மீட்டர் கிடைக்கும். கன்றைச் சுற்றி இருபுறமும் ஒன்றரை மீட்டர் விட்டுவிட்டால் மிச்சம் 4.8 மீட்டர், 75 சென்டிமீட்டர் இடைவெளியில் அதில் ஆறு நிரைச் சோளம் அடங்கும். ஆறையும் எடை போடக் கூடாது. ஓர நிரைகளுக்கு வெயிலும் கன்றுக்குப் போட்ட உரமும் சேர்ந்து கிடைக்கும் என்பதாலும், ஒரே இடைவெளியில் இரண்டு விதைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் உயரமான இரகம் குள்ளமானதற்கு நிழல் தட்டிவிடும் என்பதாலும், ஓர் இடைவெளி முழுவதையும் ஒரே விதைக்குக் கொடுத்து, அதன் நடு இரண்டு நிரைகளை மட்டும் அறுத்து நிறுக்க வேண்டும். பக்கத்து இடைவெளிக்கு அடுத்த விதை. அதற்கடுத்த இரண்டு இடைவெளிகளில் மறுபடியும் சீட்டுக் குலுக்கல்.

நடு நிரைகளில் பத்து மீட்டர் நீளம் அறுத்தால் பரப்பு 15 சதுர மீட்டர். 25 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்றால் மொத்தம் 80 செடிகள். இந்த எண்களை நினைவில் வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் 15 சதுர மீட்டரில் தராசு ஒரு கிலோ பிசகினால், ஹெக்டர் கணக்கில் அது ஏறக்குறைய 667 கிலோவாக ஊதிவிடும். குரங்கு எட்டுக் கதிரைப் பிடுங்கிக்கொண்டு போனால் விளைச்சலில் பத்து விழுக்காடு போயிற்று. காட்டோரத்துப் பட்டையில் எந்த விதை விழுந்ததோ அது மோசமான விதை என்ற பெயரோடு முடியும். காட்டுப்பன்றி வந்தால் பட்டையே மிஞ்சாது. எனவே முளைத்த செடிகளை இரண்டாம் வாரத்திலும், நிற்கும் செடிகளை அறுவடையன்றும் எண்ணி எழுதி வைக்காத சோதனையை நம்புவதற்கில்லை. தோட்டத்தில் பெரிய கிராணி என்ற தலைமை எழுத்தர் தினமும் ஆள்களின் பேர் போட்டது போல, எண்ணிக்கை அன்றன்றே புத்தகத்தில் ஏற வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொறி, விதையின் மேற்பூச்சு. அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும் மருந்து பூசிய விதையைப் பூசாத விதையோடு ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது மருந்தைத்தான். உரமும் அப்படியே, புது விதை என்ற ஆசையில் அதற்கு மட்டும் ஒரு கை கூடுதலாக வீசுவது மனித இயல்பு. 2019 முதல் மலேசியாவில் பரவிவரும் படைப்புழுவுக்கு மருந்தடிக்கும்போதும், எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு அடிக்காவிட்டால் கணக்கு கோணிப்போகும்.

சோளத்திற்கே உரிய ஒரு விசித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுவையை ஒப்பிடும் பலர் சறுக்குவது இங்கேதான். மாம்பழத்தில் மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் நாம் தின்னும் சதை தாய்மரத்தினுடையது. சோளத்தில் நாம் தின்பதே விதையை. அந்த மணியின் மாவுப் பகுதியில் தந்தைக்கும் பங்கு உண்டு. மிகை இனிப்புச் சோளத்தின் இனிப்பைத் தரும் மரபணு ஒடுங்கும் தன்மை உடையது. தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் மணி இனிக்கும். பக்கத்துப் பட்டையில் தீவனச் சோளமோ, புலுட் எனப்படும் பசைச்சோளமோ, வேறு வகை மரபணு கொண்ட பழைய இனிப்புச் சோளமோ பூத்திருந்தால், காற்றில் வந்த மகரந்தம் பட்ட ஒவ்வொரு மணியும் அந்தப் பருவத்திலேயே இனிப்பிழந்து மாவாகிவிடும். அருகருகே போட்டால்தான் விளைச்சலை நியாயமாக ஒப்பிடலாம். அருகருகே போட்டால் சுவையை ஒப்பிடவே முடியாமல் போகலாம். இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பட்டையிலும் ஐந்தாறு இளங்கதிர்களுக்கு, மகரந்தத்தை ஏற்கும் நுனி நூலான பட்டிழை வெளிவருவதற்கு முன்பே காகிதப் பை மாட்டி, இழை நீண்டதும் அதே பட்டையின் ஆண் பூவைத் தட்டி எடுத்த மகரந்தத்தைக் கையால் தூவி, மறுபடியும் மூடிவிட வேண்டும். சுவை பார்ப்பது அந்தக் கதிர்களில் மட்டும். அறுவடையையும் எல்லாவற்றுக்கும் ஒரே தேதியில் வைக்காமல், அந்தந்த இரகம் பட்டிழை விட்ட நாளிலிருந்து சுமார் இருபது நாள் என்று தனித்தனியே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் முந்திப் பூத்தது முற்றிப்போயும் பிந்திப் பூத்தது பிஞ்சாகவும் தட்டில் வந்து சேரும்.

இவ்வளவும் செய்து ஐந்து விவசாயிகளின் நிலங்களில் இரண்டு விதைகளை ஒப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் விதை இரண்டாம் விதையைவிட ஒவ்வொரு நிலத்திலும் கூடுதலாகத் தந்த கிலோ 3, 2, 1, 2, 2 என்றால் சராசரி 2. அதே கணக்கு 8, கழித்தல் 3, 4, கழித்தல் 2, 3 என்று வந்தாலும் சராசரி 2 தான். சராசரியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் விளம்பரத் துண்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வரிசையை நம்பி முழு நிலத்துக்கும் விதை வாங்கலாம். இரண்டாவது, காசெட்டின் சோதனைப்படி, தற்செயலாகவும் வரக்கூடிய முடிவு. ஆனாலும் இரண்டாவது வரிசையைக் குப்பையில் போடுவது அவசரம். கழித்தல் வந்த இரண்டு நிலங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. கடலோரம் போகப் போகக் களிமண்; ராஜா மூசா பக்கம் அமிலம் மிகுந்து செம்புச்சத்து குறைந்த கம்புட் என்ற சதுப்புநிலக் கரிமண்; ஊரையொட்டி, லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கத்தில் கப்பல் என்ற மிதக்கும் தோண்டு இயந்திரம் தோண்டிக் கழுவித் தள்ளிய வெண்மணல், தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்கத் தெரியாதது. ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்திற்குள் இத்தனை மண் இருக்கும்போது, வேறு மாநிலத்து ஆராய்ச்சி நிலையத்தின் சமதளத்தில் முதலிடம் பெற்ற விதை இங்கும் முதலிடம் பெறும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. லம்பத்து மணலில், வேரை ஆழமாக விட்டு வெயிலைச் சற்றுத் தாங்கும் இரகம் முந்தலாம். களிமண்ணில் அதே இரகம் பின்தங்கலாம். மண்ணுக்கு மண் விதைகளின் வரிசை இப்படி மாறுவதை ஆய்வாளர்கள் ஒரு தொல்லையாகப் பார்த்த காலம் உண்டு. விவசாயிக்கோ அவர் தேடி வந்த விடையே அதுதான்.

இதற்கென்றே உருவான ஏற்பாடுகளில் ஒன்று, 1990-களின் பிற்பகுதியில் மலாவியில் சீக்லிண்ட் ஸ்னாப் வகுத்த தாய்–சேய் சோதனை. ஊருக்கு நடுவே, ஆய்வாளர் கண்காணிப்பில், எல்லா விதைகளையும் ஒவ்வொன்றும் பல பட்டைகளில் வருமாறு போட்ட தாய்ச் சோதனை ஒன்று. அதைச் சுற்றி விவசாயிகள் தங்கள் நிலத்தில், தங்கள் வழக்கப்படி, இரண்டு மூன்று விதைகளை மட்டும் போடும் சேய்ச் சோதனைகள். தாயில் துல்லியம், சேயில் உண்மை நிலவரம். ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டாரத்தில் சோள இரகங்களுக்கு இம்முறை பரவலாகப் பயன்பட்டது. பின்னர் வந்த இன்னொரு முறையில், ஒவ்வொரு விவசாயிக்கும் பெயர் மறைத்த மூன்று பொட்டலங்கள் மட்டும் கொடுத்து, எது சிறந்தது, எது மோசம் என்ற இரண்டு கேள்விகள்தாம் கேட்கிறார்கள். தராசு வேண்டாம், பெயர் தெரியாததால் கடைக்காரரின் செல்வாக்கும் இல்லை. நிகராகுவா, எத்தியோப்பியா, இந்தியா ஆகிய நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட பாத்திகளில் கிடைத்த இத்தகைய விடைகளைத் தட்பவெப்பத்தோடு இணைத்து ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வெளிவந்தது. தேர்ந்த கண்ணும் ஓய்வில்லாத நாளும் கொண்ட நம் பகுதிச் சிறு விவசாயிக்கு, என் கருத்தில், இந்த மூன்று பொட்டல முறையே மிகவும் பொருந்தும்.

எது சிறந்தது என்று கேட்கும்போது அவர் எடையை மட்டும் சொல்வதில்லை என்பதுதான் இதில் கற்க வேண்டியது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அவித்து விற்கும் அக்காவுக்கு, கதிரின் நுனிவரை மணி நிறைந்திருக்க வேண்டும். நுனி மொட்டையாக இருந்தால் வாங்குபவர் அடுத்த கதிரைத் தொடுவார். மொத்தமாக ஏற்றிச் செல்லும் வியாபாரியான தவுக்கேக்கு, தோகை இறுக மூடிய, ஒரே அளவான கதிர் வேண்டும். லாரியில் அடுக்கவும் அதுதான் வசதி, புழு நுனியில் நுழையவும் அதில்தான் இடமில்லை. அறுத்த சோளத்தின் இனிப்பு, வெயிலில் மணிக்கணக்கில் மாவாக மாறிக்கொண்டே இருப்பதால், மிகை இனிப்பு இரகங்கள் ஒரு நாள் தாமதத்தையும் தாங்குவது வணிகத்தில் பெரிய மதிப்பு. தனியாளாக வேலை செய்பவர், எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் முற்றும் இரகத்தை விரும்பமாட்டார். ஆள் வைத்து ஒரே மூச்சில் அறுப்பவருக்கு அதுவே வேண்டும். எடையில் இரண்டாவதாக வந்த விதையை ஐந்தில் மூன்று பேர் தேர்ந்தெடுத்தால், சோதனை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

தீவனத்துக்கான முற்றிய சோளத்தில் மட்டும் ஈரம் என்ற கணக்கு கூடுதலாக வந்து சேரும். நாட்டின் கோழிப்பண்ணைகள் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதிச் சோளத்தை நம்பியிருக்கும் நிலையில், உள்ளூரில் அதைப் பயிரிடும் பேச்சு அடிக்கடி எழுகிறது. 22 விழுக்காடு ஈரத்தில் அறுத்த ஒரு டன், 14 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் 907 கிலோ. 28 விழுக்காட்டில் அறுத்த ஒரு டன் 837 கிலோ. ஈரமானி இல்லாமல் தராசில் ஏற்றினால், பிந்தி முற்றும் இரகம் 70 கிலோ தண்ணீரை விளைச்சலாகக் காட்டிவிடும்.

விவசாயியைச் சோதனைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது ஏதோ அண்மைக்காலக் கருணை என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோளம் பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். அவர்கள் விசாரித்த 259 விவசாயிகளில் இருவரைத் தவிர அனைவரும் 1928-க்கும் 1941-க்கும் இடையில் புது விதைக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் நிலம் முழுவதும் போட்டவர் அரிது. ஒரு துண்டில் போட்டுப் பார்த்து, மறு ஆண்டு சற்றுக் கூட்டி, பிறகே மாறினார்கள். அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு களச்சோதனை நடத்தினார்கள். அத்தனை சோதனைகளின் கணக்கும் அத்தனை மனங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

நம் வட்டாரத்திலும் அந்தத் துண்டு நிலச் சோதனை நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதில் சேர்க்க வேண்டியவை அதிகமில்லை: பழைய விதையையும் புது விதையையும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் போடுவது, இடத்தைச் சீட்டுக்கு விடுவது, நடு நிரையை மட்டும் நிறுப்பது, எண்களை ஒருவர் புத்தகத்தில் சேர்த்து வைப்பது. மழை மாறுவதால் ஒரு போகம் போதாது. ஏப்ரல், மே மழையில் ஒருமுறை, ஆண்டிறுதி மழையில் ஒருமுறை, முடிந்தால் சூன், சூலை வறட்சியில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் போகத்துக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறந்தால், களிமண்காரர்களுக்கு ஒரு விதையும் லம்பத்து மணல்காரர்களுக்கு இன்னொன்றும் என்று இரண்டு பட்டியல்கள் கிடைக்கக்கூடும். கம்புட் மண்காரர்களோ, எந்த விதையைப் போடுவது என்று கேட்பதற்கு முன், சுண்ணாம்பு எவ்வளவு போட்டோம் என்ற பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.